உயிருள்ள கடலின் கணக்கு

ஹைதராபாத் கடல் இல்லாத நகரம். மிக அருகிலுள்ள கடற்கரையும் அங்கிருந்து 250 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நகரமோ கடல்மட்டத்துக்குச் சுமார் 500 மீட்டர் உயரத்தில், தக்காணத்துப் பாறைகளின் மேல் அமைந்திருக்கிறது. எனினும் இந்தியக் கடல்களைப் பற்றிய செய்திகள் நாள்தோறும் வந்து குவியும் இடம் இந்நகரமே. 1999-ல் அமைக்கப்பெற்ற இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் இங்குள்ள பிரகதி நகரில் இயங்கி வருகிறது. 2004 டிசம்பர் 26-ல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2007 அக்டோபரில் தொடங்கப்பெற்ற சுனாமி முன்னெச்சரிக்கை மையமும் இதே வளாகத்தில்தான் உள்ளது. அலையின் உயரம், நீரோட்டம், கடல்நீரின் வெப்பம், மிதவைக் கருவிகள் தரும் அளவீடுகள் ஆகிய அனைத்தும் இங்கே சேர்க்கப்பெற்று, ஆராயப்பெற்று, கரையோர மக்களுக்குத் திருப்பி அனுப்பப்பெறுகின்றன.

இவ்வளவு விரிந்த கணக்கில் ஒரு பகுதி மட்டும் மிக மெலிந்து கிடக்கிறது. கடலில் வாழும் பெரிய உயிர்களான திமிங்கிலங்கள், ஓங்கில்கள், கடற்பறவைகள் ஆகியவற்றைப் பற்றிய நேரடிப் பதிவே அப்பகுதி. நீரின் வெப்பம் தெரிகிறது. அந்நீரில் நீந்துவது எது, அதன்மேல் பறப்பது எது என்பது போதிய அளவு தெரியவில்லை. இக்குறையை நீக்கப் பெருங்கப்பல் ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கரையோரப் பள்ளி ஆசிரியர்களும், மீன்வளத்துறை, வனத்துறைக் களப்பணியாளர்களும் மீனவரின் படகில் ஒரு நாள் சென்று, கண்டதை ஒழுங்காக எழுதிவைப்பார்களாயின், அதுவே இக்கணக்கின் உறுதியான தொடக்கமாக அமையும்.

ஹைதராபாத் மையம் மீனவர்களுக்கு அளிக்கும் சேவைகளுள் நன்கறியப்பட்டது, மீன்வளம் மிகுந்திருக்கக்கூடிய பகுதிகளைப் பற்றிய அறிவிப்பு. செயற்கைக்கோள்கள் கடற்பரப்பின் வெப்பத்தையும், நீரிலுள்ள பச்சையத்தின் அளவையும் அளந்து தருகின்றன. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் எல்லைகளிலும், ஆழத்திலுள்ள சத்துக்கள் மேலெழும் இடங்களிலும் நுண்ணிய மிதவைத் தாவரங்கள் செழிக்கின்றன. அவற்றை உண்ணச் சிற்றுயிர்களும், சிற்றுயிர்களை உண்ண மத்தி முதலிய மீன்களும் கூடுகின்றன. இவ்வெல்லைகளைக் கணித்து, திசை, தூரம், ஆழம் ஆகியவற்றுடன் அந்தந்த மொழியில் மீன்பிடித் துறைமுகங்களுக்கு மையம் தெரிவிக்கிறது. மீன்பிடித் தடைக்காலமாகிய கிழக்குக் கரையின் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கரையின் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் இவ்வறிவிப்பு வெளிவருவதில்லை.

இங்கே சிந்திக்கத்தக்க ஓர் உண்மை உண்டு. மீன் கூடும் அதே எல்லையில்தான் திமிங்கிலமும் கடற்பறவையும் கூடுகின்றன. செயற்கைக்கோள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, ஆலாக்கள் வட்டமிட்டு நீரில் பாயும் இடத்தை நோக்கியே மீனவர் படகைத் திருப்பினர். அவற்றின் கீழே மீன் மாப்பு உண்டென்பது அவர்கள் பட்டறிவு. அப்பட்டறிவை வேறொரு வழியாக அடைந்ததே செயற்கைக்கோள் எனலாம். ஆயினும் ஹைதராபாத்திலிருந்து கடலுக்குச் செல்லும் செய்தியின் அளவுக்கு, கடலிலிருந்து ஹைதராபாத்துக்குத் திரும்பிவரும் செய்தி இல்லை. குறிப்பிட்ட இடத்தில் படகு நின்றபோது எத்தனை ஆலாக்கள் இருந்தன, நீரூற்றுப்போல் மூச்சு விட்டது எது என்பவை மீனவரின் நினைவோடு கரையேறி, அங்கேயே மறைந்துவிடுகின்றன.

இந்தியக் கடல்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட திமிங்கில, ஓங்கில் இனங்கள் வாழ்கின்றன. அவற்றைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி கரையொதுங்கிய உடல்களிலிருந்து கிடைத்தது. 1973 ஜனவரியில் திருநெல்வேலிச் சீமையின் மணப்பாட்டுக் கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 43 ஆண்டுகளுக்குப் பின், 2016 ஜனவரியில், ஏறத்தாழ அதே கடற்கரையில் அதே இனத்தைச் சேர்ந்த 80-க்கும் மேற்பட்டவை வந்து கிடந்தன. மீனவர் பலவற்றை ஆழத்துக்கு இழுத்து விட்டும், சில மீண்டும் கரைக்கே திரும்பின. கூட்டத்தை விட்டுப் பிரியாத இயல்பு அவ்வினத்துக்கு உண்டு.

இறந்த உடல் பல செய்திகளைச் சொல்லும். நீளம், பால், இரைப்பையில் கிடந்த உணவு, உடலில் படிந்த நஞ்சு ஆகியவற்றை அதிலிருந்து அறியலாம். ஹைதராபாத்திலேயே உள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் அருகிவரும் உயிரினப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் போன்ற நிறுவனங்கள், ஒரு சிறு தசைத் துணுக்கிலிருந்து டி.என்.ஏ. மூலம் இனத்தை அறியும் ஆற்றல் பெற்றுள்ளன. ஆயினும் அவ்விலங்கு எங்கே வாழ்ந்தது, எந்தப் பருவத்தில் எந்த வழியில் சென்றது, எத்தனை துணைகளோடு திரிந்தது என்பவற்றை அவ்வுடல் சொல்லாது. மருத்துவமனையின் இறப்புப் பதிவேட்டை மட்டும் பார்த்து ஓர் ஊரின் மக்கள்தொகையை மதிப்பிட முயல்வதற்கு இஃது ஒப்பாகும்.

உயிருள்ள நிலையில் காண்பது வெறும் ஆவலை நிறைவேற்றுவதற்கன்று என்பதை அரபிக்கடலின் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வரலாறு காட்டும். உலகின் பிற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஆண்டுதோறும் துருவக் கடலுக்கும் வெப்பக் கடலுக்கும் இடையே வலசை போகின்றன. அரபிக்கடலில் உள்ளவையோ அக்கடலை விட்டு நீங்குவதில்லை. ஒமான் கரையோரம் எண்ணப்பெற்றவை நூறுக்கும் குறைவு. 1966 நவம்பரில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் ஒமான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் கரைக்கப்பால் ஒரே மாதத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றன. அச்செய்தி அக்காலத்தில் மறைக்கப்பட்டு, 1990-களில்தான் வெளிவந்தது. இவை இந்தியக் கரைக்கு வருகின்றனவா என்பது நீண்டகாலம் ஐயமாகவே இருந்தது. 2017 நவம்பரில் ஒமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பெற்ற லுபான் என்னும் பெண் திமிங்கிலம் அரபிக்கடலைக் கடந்து கோவாவுக்கு அப்பால் வந்து, கேரளக் கரையோரமாகத் தெற்கே சென்று, குமரிமுனையை எட்டியது. அதன் வழியில் நாள்தோறும் எத்தனையோ மீன்பிடிப் படகுகள் இருந்திருக்கும். அவற்றில் ஒருவரேனும் குறிப்பேடும் கையுமாக இருந்திருப்பின், அக்கருவி சொன்னதற்கு மேலும் ஒரு சான்று கிடைத்திருக்கும்.

பதிவினால் விளையும் பயனுக்கு இலங்கையே அண்மைச் சான்று. அத்தீவின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அப்பால், உலகின் மிக நெரிசலான கப்பல் வழிகளுள் ஒன்று செல்கிறது. நீலத்திமிங்கிலங்கள் இரைதேடும் பகுதியும் அதுவே. கப்பல் மோதி இறந்த திமிங்கிலங்கள் அவ்வப்போது காணப்பெற்றன. அறிஞர்கள் படகில் சென்று, கோடுகோடாகக் கடலைக் கடந்து, ஒவ்வொரு திமிங்கிலமும் தென்பட்ட இடத்தைக் குறித்தனர். கப்பல் வழியைத் தெற்கே நகர்த்தினால் விபத்து பெருமளவு குறையும் என்பது அக்குறிப்புகளிலிருந்து தெளிவாயிற்று. 2022-ன் இடைப்பகுதியில் எம்.எஸ்.சி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கு வழிக்கு மாற்றிக்கொண்டது. படகில் அமர்ந்து பென்சிலால் எழுதிய குறிப்புகள் இரும்புக் கப்பல்களைத் திசைதிருப்பின.

அத்தகைய ஒரு நாள் எவ்வாறு அமையும் என்பதைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் நலம். விசாகப்பட்டினம் போன்ற துறைமுகத்திலிருந்து, விடியுமுன் படகு புறப்படுகிறது. மும்பைக்கு அப்பால் கண்டத்திட்டு முந்நூறு கிலோமீட்டர் வரை அகன்றிருக்க, கிழக்குக் கரையில் அது குறுகியது. சில மணி நேரப் பயணத்திலேயே ஆழ்கடல் வந்துவிடும். அவ்விளிம்பே காண்பவர் நாடவேண்டிய இடம். படகில் இருவர் கவனிப்பர், ஒருவர் எழுதுவர். ஒரு மணிக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வர். ஏனெனில், கண் களைத்தவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தும் காணமாட்டார். பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை நேரம், இடம், படகின் வேகம், காற்றின் வலிமை, அலையின் நிலை ஆகியவை எழுதப்பெறும். பறவைகளுக்குப் படகின் ஒரு பக்கத்தில் 300 மீட்டர் அகலப் பட்டையை மட்டும் எண்ணுவது உலகெங்கும் வழங்கும் முறை.

திமிங்கிலத்தை அதன் மூச்சினால் அறியலாம். நீலத்திமிங்கிலத்தின் மூச்சு ஒன்பது மீட்டர் வரை நெடிய தூணாக எழும். எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு மூக்குத்துளை தலையின் இடப்புறம் இருப்பதால், அதன் மூச்சு முன்னோக்கி இடப்பக்கமாகச் சாய்ந்து வரும். பிரைடு திமிங்கிலத்தின் தலைமீது மூன்று வரம்புகள் உண்டு. எண்ணெய்த் திமிங்கிலம் மூழ்கினால் முக்கால் மணி நேரம் வரை மேலே வாராது. ஆதலின் கண்ணில் படாத திமிங்கிலம் கடலில் இல்லாத திமிங்கிலம் ஆகாது. எவ்வளவு நேரம் பார்த்தும் தென்படவில்லை என்று எழுதினாலொழிய, பார்வையாளரின் மௌனத்துக்குப் பொருள் இல்லை.

பறவைகளின் செய்தி இன்னும் வியப்பானது. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிதான வில்சன் புயற்பறவை அண்டார்டிகாவின் பாறைகளில் முட்டையிட்டு, அங்கே குளிர்காலம் வந்ததும் இந்தியக் கடல்களுக்கு வருகிறது. நீரின்மேல் கால்களைத் தொட்டுத் தொட்டு நடப்பதுபோல் அது பறக்கும். மேற்கு ஆஸ்திரேலியத் தீவுகளில் இனம்பெருக்கும் ஒருவகை ஷியர்வாட்டர் பறவைகள் அரபிக்கடல் வரை வருகின்றன. இவற்றைக் கரையில் நிற்போர் காண்பது அரிது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையில் ஆழ்நீர் மேலெழுந்து கடல் வளம்பெறும் மாதங்களே இவை வரும் மாதங்களுமாம். ஒரு பறவையின் வருகை நீரின் நிலைக்கு ஒரு சாட்சியாகிறது.

இம்முயற்சிக்கு எதிராகச் சில வாதங்கள் கூறப்படலாம். அவற்றுள் முதலாவது செலவு. ஒரு நாள் முழுதும் எரிபொருள் எரித்து, ஒன்றும் காணாமல் திரும்பினால் பயன் யாது என்பர். மீனவர் படகு எப்படியும் கடலுக்குச் செல்கிறது; கவனிப்பவர் அதில் ஓர் இடம் பெற்றால் போதும். அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவரைப் போன்றோர் செல்லும் தூரத்துக்கு எந்த ஆய்வுக் கப்பலும் அடிக்கடி செல்ல இயலாது. 1984 முதல் பணிபுரிந்துவரும் சாகர் சம்பதா கப்பலில் செல்லும் அறிஞர்கள் திமிங்கிலங்களைக் குறித்துவைத்தது பெரும்பயன் தந்ததுண்டு. ஆயினும் ஒரு கப்பல் ஒரு நாளில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். வெறுங்கையோடு திரும்பும் நாளும் வீண் அன்று. நல்ல வானிலையில், குறித்த நேரம் பார்த்தும் ஒன்றும் இல்லை என்ற பதிவே, கண்ட பதிவுக்குப் பொருள் கொடுப்பது.

பயிற்சியற்றோர் இனத்தைத் தவறாகச் சொல்வர் என்பது இரண்டாவது வாதம். இது நியாயமானது. ஹைதராபாத்திலிருந்து வெளிவரும் இந்தியன் பேர்ட்ஸ் என்னும் ஏடு 2013-ல் இந்தியாவின் அரிய கடற்பறவைகள் பற்றிய பதிவுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியிட்டது. விவரமான குறிப்பும் படமும் உள்ள பதிவே அத்தகைய சோதனையில் நிற்கும் என்பதை அது நினைவூட்டுகிறது. ஆகவே தெரியாத இனத்தைத் தெரிந்ததுபோல் எழுதுவதைவிட, "பெரிய திமிங்கிலம், இனம் தெரியவில்லை" என்று எழுதுவதே விஞ்ஞானத்துக்கு உகந்தது. மூச்சின் உருவம், முதுகுத் துடுப்பின் இடம், வால் மேலெழுந்ததா இல்லையா என்பவற்றைக் குறித்து, ஒரு புகைப்படமும் எடுத்தால், பின்னர் வல்லுநர் தீர்மானிப்பர்.

மூன்றாவது வாதம் மிகவும் கவனிக்கத்தக்கது. திமிங்கிலம் காணும் ஆவல் வணிகமாக மாறி, விலங்கையே துன்புறுத்தும் என்பது அது. இலங்கையின் மிரிசையில், ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்து துரத்திய காட்சிகள் கண்டிக்கப்பட்டன. ஆதலின் படகு எதிரிலும் பின்னாலும் சென்று வழிமறிக்காமல், பக்கவாட்டில், 100 மீட்டருக்குக் குறையாத தூரத்தில், வேகம் குறைத்துச் செல்லவேண்டும். குட்டியுடன் உள்ளதை அணுகவே கூடாது. கணக்கெடுப்போனுக்கு விலங்கின் அருகே செல்லவேண்டிய தேவை இல்லை. அவனுக்கு வேண்டுவது தூரமும் திசையும் மட்டுமே. இந்த வேறுபாட்டை மாணவர் மனத்தில் பதியவைப்பது ஆசிரியர் கடமை.

இவற்றினும் பெரிய தடை ஒன்று பேசப்படாமலே உள்ளது. அது மீனவரின் அச்சம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திமிங்கிலங்களுக்கும் ஓங்கில்களுக்கும் உயர்ந்த பாதுகாப்பு அளிக்கிறது. அது தேவையானதே. ஆனால் வலையில் தற்செயலாக ஓங்கில் சிக்கி இறந்துவிட்டால், அதைச் சொன்னால் வழக்கு வருமோ என்று அஞ்சி, உடலைக் கடலிலேயே விட்டுத் திரும்புவோர் உண்டு. அத்தகைய மரணங்கள் எண்ணப்படாமலே போகின்றன. எண்ணப்படாத மரணத்தைத் தடுக்க முடியாது. அமெரிக்கா 2016-ல் வகுத்த விதியின்படி, அந்நாட்டுக்கு மீன் ஏற்றுமதி செய்யும் நாடுகள் தம் வலைகளில் கடல் பாலூட்டிகள் இறப்பதைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்துவதை மெய்ப்பிக்க வேண்டும். எனவே இந்தக் கணக்கு திமிங்கிலத்தின் வாழ்வோடு மட்டுமன்றி, மீனவரின் பிழைப்போடும் பிணைந்தது. வேண்டுமென்றே வேட்டையாடுவதையும் தற்செயலாக நேர்வதையும் பிரித்தறிந்து, உண்மையைச் சொல்பவர் தண்டிக்கப்படார் என்ற உறுதியைக் களப்பணியாளர் வாயிலாக ஊர்தோறும் பரப்பவேண்டும். அந்த உறுதி இன்றேல், எத்தனை படிவங்கள் அச்சிட்டாலும் அவை வெறுங்காகிதமாகவே திரும்பும்.

ஹைதராபாத் செய்யவேண்டுவது யாது? மீன்வள அறிவிப்பைப் பெறும் அதே வழியில், கண்டதைத் திருப்பி அனுப்பவும் ஒரு சிறு படிவம் அமைத்தல் இயலாத காரியமன்று. நேரம், இடம், உயிரின் உருவம், எண்ணிக்கை, படம் ஆகிய ஐந்தே வினாக்கள் தமிழிலும் தெலுங்கிலும் பிற கரையோர மொழிகளிலும் இருந்தால் போதும். வந்த செய்தியை, அன்றைய நீரின் வெப்பத்தோடும் பச்சையத்தோடும் இணைத்துப் பார்க்கும் வசதி அம்மையத்திடம் முன்னரே இருக்கிறது. செய்தி அனுப்பிய மீனவருக்கு, அவர் கண்டது என்ன என்ற விடையும் திரும்பிச் செல்லவேண்டும். விடை பெறாதவர் இரண்டாம் முறை எழுதமாட்டார்.

உள்நாட்டு ஆசிரியருக்கு இதில் பங்கில்லை என எண்ணலாகாது. 1908-ல் மூசி ஆற்றின் வெள்ளம் ஹைதராபாத்தை அழித்த பின்னர் கட்டப்பெற்ற உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும், அவற்றினும் பழைய ஹுசேன் சாகரும் எண்ணிப் பழகுவதற்கு ஏற்ற ஏரிகள். கரையில் நின்று பத்து நிமிடம் பறவைகளை எண்ணி, காற்றையும் வெளிச்சத்தையும் குறித்து, அடுத்த பத்து நிமிடம் மீண்டும் எண்ணும் மாணவன், கடலில் செய்யவேண்டியதன் பாதியைக் கற்றுவிட்டான். 1931-32-ல் சலீம் அலி ஹைதராபாத் சமஸ்தானத்தின் பறவைகளை ஊர்ஊராகச் சென்று கணக்கெடுத்தார். இடமும் நாளும் குறித்து அவர் வைத்த பதிவுகள் இருப்பதால்தான், அன்றிருந்தது எது, இன்று மறைந்தது எது என்று ஒப்பிட முடிகிறது. கடலுக்கு அத்தகைய ஓர் அடிப்படை இன்னும் முழுமையாக அமையவில்லை.

வரலாற்றில் ஒரு கசப்பான பாடம் உண்டு. உலகக் கடல்களில் திமிங்கிலங்கள் முன்பு எங்கெங்கே வாழ்ந்தன என்பதற்குள்ள மிக விரிவான பழைய சான்றுகளுள் ஒன்று, அவற்றைக் கொன்றவர் எழுதியது. அமெரிக்க வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் பிடிபட்ட இடங்களை 1935-ல் சார்லஸ் டவுன்சென்ட் படமாக வரைந்தார். வேட்டைக்காரனும் தன் லாபத்தின் பொருட்டு நாளையும் இடத்தையும் தவறாமல் எழுதினான். அந்த ஒழுங்கு காப்போரிடம் இல்லையெனில் அது வெட்கத்துக்குரியது. 1979-ல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. 1986 முதல் வணிக வேட்டைக்கும் உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது. புகலிடம் என்று பெயர் சூட்டிய கடலில் புகல் அடைந்தவை எவை, எத்தனை என்பதை எழுதிவைப்பது அடுத்த கடமை. கடல் வானிலை அறிவிப்பைக் கேட்டு, உயிர்காப்பு அங்கி அணிந்து, ஒரு குறிப்பேட்டுடன் படகேறும் ஆசிரியரும் களப்பணியாளரும் அக்கடமையின் முதல் பக்கத்தை எழுதலாம்.